பொதிக்குள் என்ன இருந்தது என்பதையும் கணக்கில் எழுதுங்கள்

மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தாருக்கும், சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்தாருக்கும்,

வணக்கம்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராஃப்ட் பேப்பர் மில்லில் கழிவுத்தாள் யார்டைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இருபத்தாறு வருடமாக இதே வேலை. லாரியில் வரும் பேலை, அதாவது அழுத்திக் கம்பி கட்டிய பொதியை, இறக்கி, கம்பியை வெட்டிப் பிரித்து, தாளைத் தண்ணீரில் கரைக்கிற பல்பர் தொட்டிக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று சொல்வது. அட்டைப்பெட்டிக்கான பழுப்புத் தாள்தான் எங்கள் சரக்கு. திருப்பூர் பனியன் கப்பல் ஏறுவதும் அந்தப் பெட்டியில்தான், உங்கள் வீட்டுக்கு ஆன்லைனில் மிக்ஸி வருவதும் அந்தப் பெட்டியில்தான். அதற்கு நாங்கள் மரம் வெட்டுவதில்லை. பழைய அட்டையைத்தான் கரைக்கிறோம். ஒரு பங்கு உள்ளூர்க் கடைகளில் இருந்து வருகிறது, மறு பங்கு தூத்துக்குடி வழியாகக் கப்பலில் வருகிறது.

என் மகள் எம்.காம். படிக்கிறாள். படிப்புக்கான ப்ராஜெக்டாக சீனாவும் இந்தியாவும் வருடந்தோறும் எவ்வளவு கழிவுத்தாள் இறக்குமதி செய்தன என்று 2000-ஆம் ஆண்டில் இருந்து தேடி எடுத்து, ஒரே தாளில் இரண்டு கோடாகப் போட்டிருந்தாள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கொண்டுவந்து காட்டினாள். "அப்பா, இந்தக் கோடு இங்க செங்குத்தா விழுது. நம்ம கோடு அங்கதான் ஏற ஆரம்பிக்குது. ஏன்?" என்றாள். எனக்குத் தெரிந்ததை அன்று இரவு சொல்லி முடிக்க முடியவில்லை. மிச்சத்தை உங்களுக்கு எழுதுகிறேன். அவள் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் உங்கள் அலுவலகங்களில்தான் இருக்கிறது.

சீனா 2000-ல் இறக்கியது ஏறக்குறைய 37 லட்சம் டன். 2012-ல் அது 3 கோடி டன்னாகிவிட்டது. பன்னிரண்டே வருடத்தில் எட்டு மடங்கு. அங்கே பெட்டி செய்ய நல்ல நார் இல்லை, உலகத்துக்கே சரக்கு அனுப்பப் பெட்டி வேண்டும். சரக்கோடு அமெரிக்காவுக்குப் போன கண்டெய்னர் திரும்பும்போது காலியாக வரும். காலியாக வருவதற்குப் பதில் குறைந்த வாடகைக்காவது எதையாவது ஏற்றிக்கொண்டு வரலாமே என்று கப்பல்காரர் நினைப்பார். அப்படி ஏறியதுதான் அமெரிக்கர்கள் பிரித்துப் போட்ட அட்டை. ஜாங் யின் என்ற சீனப் பெண்மணி 1990-ல் அமெரிக்காவுக்குப் போய்க் கழிவுத்தாள் வாங்கி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார். பிறகு நைன் டிராகன்ஸ் மில்லை எழுப்பினார். 2006-ல் சீனப் பணக்காரர் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தார். குப்பை என்று மற்றவர் ஒதுக்கியதில் எத்தனை நார் இருந்தது என்பதற்கு அவரே சாட்சி.

அந்த வாசல்தான் மூடியது. 2017 ஜூலையில், தரம் பிரிக்காத கழிவுத்தாள் உட்பட 24 வகைக் கழிவை இனி வாங்கமாட்டோம் என்று உலக வர்த்தக அமைப்புக்குச் சீனா எழுதிக் கொடுத்தது. 2018 மார்ச் 1 முதல், வரும் தாளில் வேறு பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. நூறு கிலோவில் அரைக் கிலோ. யார்டில் நின்றவனுக்குத் தெரியும், தரம் பிரிக்காத கலப்புத் தாளில் அந்த அளவை யாராலும் காப்பாற்ற முடியாது. 2021 ஜனவரி 1-ஆம் தேதியோடு திடக்கழிவு இறக்குமதியே கிடையாது என்று முடித்துவிட்டது. மகள் போட்ட கோட்டில் அது இப்படித் தெரிகிறது: 2016-ல் 2.85 கோடி டன், 2017-ல் 2.57 கோடி, 2018-ல் 1.70 கோடி, 2019-ல் 1.04 கோடி, 2020-ல் 69 லட்சம்.

நான்கு வருடத்தில் 2 கோடி டன்னுக்கு மேல் விழுந்திருக்கிறது. நம் நாடு ஒரு வருடம் முழுக்க இறக்குவதைப்போலச் சில மடங்கு. சீனா வாங்கவில்லை என்பதற்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குப்பை எடுக்கிற வண்டி நின்றுவிடவில்லை. சரக்கு குவிந்தது, விலை சரிந்தது. அமெரிக்காவின் சில ஊர்களில் கலப்புத் தாளை எடுத்துப் போவதற்கே நகராட்சி காசு கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சரக்கு வேறு துறைமுகம் தேடியது. 2018 நடுவில் வியட்நாம் துறைமுகங்களில் கழிவுக் கண்டெய்னர்கள் இடம் கொள்ளாமல் தேங்கின. இந்தோனேசியாவுக்குப் போனது, மலேசியாவுக்குப் போனது, தாய்லாந்துக்குப் போனது. எங்கள் யார்டுக்கும் வந்தது.

2019 ஆடி மாதம் என்று நினைவு. விலை மலிவு என்று எங்கள் மில் ஒரு கண்டெய்னர் கலப்புத் தாள் வாங்கியிருந்தது. நாற்பது அடி கண்டெய்னர், 25 டன். கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. பேலின் வெளிப்பக்கம் நல்ல அட்டை. கம்பியை வெட்டி உள்ளே பிரித்தால் குழந்தைகளுக்குக் கட்டும் டயபர், அதுவும் பயன்படுத்தி மடித்துப் போட்டது. பால் கேன், ஷாம்பு பாட்டில், நாய்த் தீவனப் பை, உடைந்த பல்பு. நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மதிய உணவுப் பட்டியல், திங்கள் முதல் வெள்ளி வரை என்ன சாப்பாடு என்று படம் போட்டு அச்சடித்தது. வியாழக்கிழமைக்கு நேராக ஏதோ ஒரு குழந்தை நீலக் கிரேயானில் வட்டம் போட்டிருந்தது. அந்தத் தாளைக் கையில் எடுத்து எங்கள் யார்டு அக்கா ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததாகக் கையை விட்ட இடத்தில் கண்ணாடி. உள்ளங்கை பிளந்துவிட்டது. தையல் போட்டு டிடி ஊசி போட்டுக் கூட்டிவந்தோம். பத்து நாள் கூலி போனது. மில் கொஞ்சம் கொடுத்தது, முழுதாகக் கொடுக்கவில்லை.

அந்தக் கண்டெய்னரில் இருந்து பல்பருக்குப் போனது போக, பல்பருக்குள் குப்பையை இழுத்தெடுக்கத் தொங்கவிடும் ராகர் கயிற்றில் சுற்றிக்கொண்டு வந்த பிளாஸ்டிக்கையும் கம்பியையும், நாங்கள் முன்னாலேயே ஒதுக்கியதையும் சேர்த்து எடை போட்டேன். நான்கு டன்னைத் தொட்டது. ஈரம் தனி. ஆனால் துறைமுகக் கணக்கில் 25 டன்னும் தாள்தான். பில்லிலும் தாள், உங்கள் புள்ளிவிவரத்திலும் தாள். என் மகள் போட்ட கோட்டில் அந்த டயபரும் தாளாகத்தான் ஏறி நிற்கிறது.

நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதற்காகத்தான். இறக்குமதிக் கணக்கு டன்னைச் சொல்கிறது. டன்னுக்குள் என்ன இருந்தது என்று சொல்வதில்லை. சீனாவின் கோடு விழுந்த இடத்தில் நம் கோடு ஏறியதை, "மூலப்பொருள் தாராளமாகக் கிடைக்கிறது" என்று ஒருவர் மேடையில் பேசிவிடலாம். அந்த ஏற்றத்தில் நார் எவ்வளவு, மற்றவர் வேண்டாம் என்று தள்ளியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் அப்படிப் பேசுவது சரியில்லை.

இந்தோனேசியாக்காரர்கள் பட்டதைப் பாருங்கள். கிழக்கு ஜாவாவில் காகித மில்கள் கழிவுத்தாளோடு வந்த பிளாஸ்டிக்கை வெளியே தள்ளின. பாங்குன் என்ற கிராமத்தில் வீட்டு வாசலெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கைக் கொட்டி ஜனங்கள் பொறுக்கிப் பிழைத்தார்கள். மிச்சம், ட்ரோபோடோ என்ற ஊரில் தோஃபு என்கிற சோயாக் கட்டி செய்யும் பட்டறைகளுக்கு அடுப்பெரிக்கப் போனது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்தபோது டையாக்சின் நஞ்சு மிக அதிகமாக இருந்தது என்று 2019-ல் வெளிவந்தது. அதே வருடம் அந்த நாடு, கழிவுத்தாள் என்ற பெயரில் வந்த ஐந்து கண்டெய்னரை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பியது. உள்ளே டயபர் இருந்ததாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே சரக்கை எங்கள் யார்டில் பிரித்துப் பல்பரில் போட்டவன் நான்தான்.

நம் நாட்டிலும் இது புதிதில்லை. உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் பக்கம் காகித மில்களில் இருந்து வெளியேறும் பிளாஸ்டிக், வெல்லம் காய்ச்சும் அடுப்புகளில் எரிகிறது என்ற புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அங்கே தோஃபு, இங்கே வெல்லம். இரண்டும் ஜனங்கள் சாப்பிடுகிற பொருள். கழிவுப் பிளாஸ்டிக் இறக்குமதியை 2019-லேயே தடுத்துவிட்டோம் என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அது பிளாஸ்டிக் என்று பெயர் எழுதி வருவதற்கான தடை. தாள் என்று பெயர் எழுதிய பொதிக்குள் வருவதற்கு அந்தத் தடை போதவில்லை.

இறக்குமதியையே நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினால் எங்கள் மில் ஒரு மாதம் தாங்காது. உள்ளூர் அட்டை ஏற்கெனவே பல முறை கரைந்து வந்தது. ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். குட்டை நாரை மட்டும் வைத்துத் தாள் ஓட்டினால் பி.எஃப்., அதாவது தாள் கிழியாமல் தாங்கும் வலுவின் அளவு, வராது, பெட்டி அடுக்கில் கீழே இருப்பது நசுங்கிவிடும். அமெரிக்கன் ஓசிசி-யில், அதாவது அங்கே பயன்படுத்திப் போட்ட நெளியட்டைப் பெட்டியில், பைன் மரத்தின் நீள நார் இருக்கிறது. அதைக் கொஞ்சம் சேர்த்தால்தான் திருப்பூர்க்காரர் கேட்கிற வலு கிடைக்கும். நல்ல ஓசிசி பேலைப் பிரிக்கும்போது வருகிற வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், மரமும் மாவும் கலந்த வாசனை. அந்தச் சரக்கு வரட்டும். அதையும் குப்பையையும் ஒரே எண்ணுக்குள் கூட்டி எழுதாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பிரித்து எழுதுவதற்கு வசதி உங்கள் குறியீட்டிலேயே இருக்கிறது. கழிவுத்தாளின் சுங்கக் குறியீடு 4707. அதற்குள் 470710 என்றால் வெளுக்காத கிராஃப்டும் நெளியட்டையும், எங்களுக்கு வேண்டியது. 470720 வெளுத்த தாள். 470730 செய்தித்தாள் மாதிரி. 470790 என்றால் மற்றவை, தரம் பிரிக்காதது உட்பட. சீனா முதலில் கதவைச் சாத்தியது இந்தக் கடைசி வகைக்குத்தான். என் மகள் நான்கையும் கூட்டி ஒரே கோடாகப் போட்டிருந்தாள். பிரித்துப் போடச் சொன்னேன். நல்ல அட்டை ஏறியதா, கலப்பு ஏறியதா என்பது அப்போதுதான் தெரியும். பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் இரண்டு நாட்டை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மொத்தத்தையே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சீனாவின் கோடு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பக்கத்திலேயே 470620 என்று ஒரு குறியீடு இருக்கிறது, கழிவுத்தாளைக் கரைத்து எடுத்த கூழ். தாள் வரக்கூடாது என்றதும் கூழாக்கிக் கொண்டுபோனார்கள். சீன மில்கள் மலேசியாவில் கூழ் ஆலை போட்டன. அதே நைன் டிராகன்ஸ் அமெரிக்காவிலேயே மேற்கு வெர்ஜீனியாவின் ஃபேர்மான்ட்டில் ஒரு கூழ் ஆலையை வாங்கியது. அழுக்கை அந்தந்த நாட்டிலேயே விட்டுவிட்டு, சுத்தமான நாரை மட்டும் ஊருக்குக் கொண்டுபோகிற ஏற்பாடு. 4707 விழுந்த வருடங்களில் 470620 பல மடங்கு ஏறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் சீனா எவ்வளவு நார் வாங்குகிறது என்ற உண்மைக் கணக்கு வரும்.

அந்த வருடங்களில் நம் மில்களும் கிராஃப்ட் ரீலைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தன. அவர்கள் கழிவுத்தாளை வேண்டாம் என்றார்கள், நாம் அதை வாங்கி, கரைத்து, வடிகட்டி, ரீலாக்கி அனுப்பினோம். கோவை, திருப்பூர்ப் பெட்டிக்காரர்கள் தாள் கிடைக்கவில்லை, விலை தாங்கவில்லை என்று கதறியது அதனால்தான். அந்த ரீல் 4804, 4805 என்ற வேறு குறியீட்டில் போகிறது, அதனால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பெட்டிக்காரருக்கும் எங்களுக்கும் அந்நாளில் சண்டை நடந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று இப்போது சொல்கிறேன். தாள் அங்கே போனது, ராகர் கயிற்றுக் குப்பை எங்கள் ஊரில் நின்றது.

வருடக் கணக்கிலும் ஒரு சிக்கல். சீனா ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகிறது. நாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. 0.5 சதவீத விதி வந்தது 2018 மார்ச்சில். சீனாவின் கணக்கில் அது 2018-ன் தொடக்கம், நம் கணக்கில் 2017-18-ன் கடைசி மாதம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் மூன்று மாதம் தள்ளிப்போகிறது. விலகிய சரக்கு எத்தனை நாளில் நம் கரைக்கு வந்தது என்று பார்க்க வேண்டுமானால் மாதக் கணக்கு வேண்டும். என் மகள் ஒரு வாரம் உட்கார்ந்து மாதங்களை மாற்றி அடுக்கினாள். ஒரு மாணவி செய்கிற அந்த வேலையை அமைச்சகமே செய்து வைத்தால் எத்தனை பேருக்கு உதவும்.

உள்ளூர் அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடுமலையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் எங்கள் மில் வருடக்கணக்காக வாங்குகிறது. விடியற்காலையில் கடைவீதியில் அட்டை பொறுக்கிக்கொண்டு வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் அவரிடம் எடை போடுவார்கள். கப்பல் சரக்கு மலிவாக வந்த நாட்களில், "அட்டை வெலை பாதியாயிருச்சுங்க தம்பி, நான் இவங்களுக்கு என்னத்தச் சொல்றது?" என்று கேட்டார். 2020 கடைசியில் கண்டெய்னர் கிடைக்காமல் கப்பல் வாடகை எகிறியபோது அதே கடை வாசலில் நாங்கள் லாரியோடு வரிசையில் நின்றோம், விலையையும் ஏற்றிக் கொடுத்தோம். அவர் தொழில் அவர் கையில் இல்லை. நியூயார்க்கில் ஒருவர் அட்டையை எந்தக் கூடையில் போடுகிறார் என்பதும், பெய்ஜிங்கில் ஒருவர் என்ன கையெழுத்துப் போடுகிறார் என்பதும் அவருடைய தராசை ஆட்டுகின்றன. நம் ஊர் வீடுகளில் தாளும் சாம்பார் மிச்சமும் ஒரே பையில் போவது நின்றால், அந்த அம்மாவின் கடைக்கே இன்னும் எவ்வளவோ சுத்தமான அட்டை வரும், நாங்களும் கலப்புத் தாளுக்குக் கை நீட்ட வேண்டியிருக்காது. சீனா கதவைச் சாத்திய பிறகு அந்த நாட்டிலும் உள்ளூர்ச் சேகரிப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். 4707-ன் நான்கு உட்பிரிவையும் மாதவாரியாக, துறைமுகவாரியாக, அனுப்பிய நாட்டோடு, சாதாரண ஆள் இலவசமாகப் பார்க்கும்படி ஓர் அட்டவணையாகப் போடுங்கள். அதே அட்டவணையில் 470620-ஐயும், வெளியே போகிற கிராஃப்ட் ரீலையும் சேருங்கள். சுங்கத்தில் திறந்து பார்த்த கண்டெய்னர் எத்தனை, அதில் வேறு பொருள் எத்தனை சதவீதம், திருப்பி அனுப்பியது எத்தனை, எந்தக் காரணத்துக்காக என்று பக்கத்திலேயே ஒரு பத்தி வையுங்கள். ஏற்றுமுன் சோதித்ததாகச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் எழுதுங்கள். டயபர் உள்ளே இருக்கும்போது "சரி" என்று கையெழுத்துப் போட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியவேண்டும்.

மில்களையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மில்லும் எவ்வளவு இறக்குமதித் தாள் வாங்கியது, அதில் எவ்வளவு பிளாஸ்டிக் பிரிந்தது, அது எங்கே போனது என்று மாதம் ஒரு முறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதித் தரவேண்டும், அதை மில்லைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஒட்டவேண்டும். இதைச் சொன்னால் என் முதலாளிக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் எடை மேடை எல்லா மில்லிலும் இருக்கிறது. உள்ளே வருகிற லாரியை எடை போடுகிற அதே மேடையில் வெளியே போகிற குப்பை லாரியையும் எடை போட ஐந்து நிமிடம் ஆகும். 2019-ல் இருந்து நான் என் யார்டில் அதைச் செய்துவருகிறேன். நீலக் கோடு போட்ட நூறு பக்க நோட்டு, இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது. தேதி, வண்டி எண், எந்த நாட்டுச் சரக்கு, பேல் எத்தனை, ஈரம் எவ்வளவு, ஒதுக்கியது எத்தனை கிலோ என்று இருக்கும். எந்த அதிகாரி வந்து கேட்டாலும் ஆறையும் எடுத்து மேசையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
கழிவுத்தாள் யார்டு மேற்பார்வையாளர்,
உடுமலைப்பேட்டை வட்டாரம்